நாற்காலி மாறினால் நாம் என்ன பேசுகிறோம்?

(நமது வட்டாரக் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் முன்னாள் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சாப்பாடு முடிந்த கையோடு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பின்னாடி இரண்டு பேர் இப்பவே கண்ணை மூடிட்டீங்க. பரவாயில்லை. கணக்கு வழக்கெல்லாம் செயலாளர் பேசிவிட்டார். நான் ஒரு டீக்கடையில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

2024 ஜூலை முதல் வாரம். குழுவுக்கு நோட்டுகள் வாங்க நானும் இரண்டு உறுப்பினர்களும் கோயம்புத்தூர் போயிருந்தோம். திரும்பும்போது பஸ்சுக்கு நேரம் இருந்தது, டீ குடிக்க நின்றோம். கடை டி.வி.யில் செய்தி. கோவை மேயர் கல்பனா ஆனந்தகுமார் ஜூலை 3 ஆம் தேதி ராஜினாமா கொடுத்துவிட்டார். கோவை மாநகராட்சியின் முதல் பெண் மேயர் அவர். 2022 மார்ச்சில் வந்தார், இரண்டு வருடம் சொச்சத்தில் இறங்கிவிட்டார்.

கடையில் நின்ற ஒருவர் வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "பொம்பளையக் கொண்டு போய் உட்கார வெச்சா இப்படித்தான் ஆகும்." நாலு பேர் சிரித்தார்கள். அது கூட எனக்குப் பெரிசில்லை. என் பக்கத்தில் நின்ற நம்ம உறுப்பினரே, "அதுவும் சரிதானுங்க அக்கா" என்றார். நான் பதில் சொன்னேனா? சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இன்று வீரமாக மைக் பிடித்துப் பேசுகிறேன், அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

மறுநாள் பேப்பர் பார்த்தபோதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. அதே ஜூலை 3 ஆம் தேதி திருநெல்வேலி மேயரும் ராஜினாமா செய்திருக்கிறார். அவர் பெயர் சரவணன். ஆண். இரண்டு பேரும் ஒரே கட்சி, ஒரே நாளில் இறங்கினார்கள், இரண்டு பேருமே சொந்தக் காரணம் என்றுதான் சொன்னதாகச் செய்தி. சொல்லப்போனால் நெல்லையில் சண்டை முன்னாடியே முற்றிவிட்டது. 2024 ஜனவரியில் அந்த மேயர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார்கள். தீர்மானம் எடுக்கிற நாளில் ஒரு கவுன்சிலரும் கூட்டத்துக்கு வராததால் அது தோற்றது.

இப்ப கேட்கிறேன், நெல்லை டீக்கடையில் யாராவது "ஆம்பளைய உட்கார வெச்சா இப்படித்தான்" என்று சொல்லியிருப்பாங்களா? (சிரிப்பு) சொல்லியிருக்க மாட்டாங்க. "அந்த ஆள் சரியில்லை" என்பார்கள், இல்லாவிட்டால் "கட்சிக்குள்ள தகராறு" என்பார்கள். ஆண் இறங்கினால் அந்த ஒரு ஆளோடு பேச்சு முடிந்துவிடும். பெண் இறங்கினால் உங்களையும் என்னையும் சேர்த்துப் பேசுவார்கள். அதில் நாமும் சேர்ந்து தலையாட்டுகிறோம், அதுதான் எனக்கு வருத்தம்.

நான் கல்பனா அம்மாவுக்கு வக்கீல் இல்லைங்க. அவர் நன்றாக வேலை செய்தாரா இல்லையா என்பது கோவைக்காரர்கள் சொல்ல வேண்டியது. குறை இருந்தால் குறையைச் சொல்லட்டும். ரோடு போடவில்லை, குப்பை எடுக்கவில்லை, கூட்டம் ஒழுங்காக நடத்தவில்லை, எதுவாக இருந்தாலும் சொல்லட்டும். சேலை கட்டியதைக் குறையாகச் சொல்லக்கூடாது.

துடியலூரில் எனக்கு ஒரு நாத்தனார் இருக்கிறார். துடியலூர் முன்னாடி பேரூராட்சி. 2011 இல் வடவள்ளி, சரவணம்பட்டி, காளப்பட்டி, வீரகேரளம் எல்லாம் சேர்த்துக் கோவை மாநகராட்சி 100 வார்டு ஆனபோது இவர்களும் மாநகராட்சிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். வீட்டு வரி கூடியது என்று இன்றைக்கும் புலம்புவார். அவர் என்னிடம் கேட்டார்: "அண்ணி, போன தடவ மேயர் ராஜினாமா பண்ணப்ப நாங்க போய் ஓட்டுப் போட்டோம். இந்தத் தடவ எங்களை யாருமே கேக்கலையே, ஏன்?"

நல்ல கேள்வி. நமக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 1996, 2001, 2011 இந்த மூன்று தேர்தலிலும் மேயரை மக்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 2006 இலும் 2022 இலும் மக்கள் கவுன்சிலருக்கு மட்டும் ஓட்டுப் போட்டார்கள், கவுன்சிலர்கள் உட்கார்ந்து மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். கோவையில் 2011 இல் ஜெயித்த மேயர் வேலுசாமி 2014 இல் ராஜினாமா செய்தார். அந்த வருடம் செப்டம்பர் 18 ஆம் தேதி இடைத்தேர்தல் வைத்தார்கள். ஊரே வரிசையில் நின்று ராஜ்குமாரைத் தேர்ந்தெடுத்தது. என் நாத்தனார் மை வைத்த விரலைக் காட்டினது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பத்து வருடம் கழித்து 2024 இல் அதே கோவையில் மேயர் மாறியபோது, ஆகஸ்ட் 6 ஆம் தேதி மாநகராட்சிக் கூட்டத்தில் ரங்கநாயகி ராமச்சந்திரன் போட்டியில்லாமல் தேர்வானார். 29 ஆவது வார்டு கவுன்சிலர் அவர். நாத்தனார் டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

அதற்கு முந்தின நாள் நெல்லையில் போட்டி நடந்தது. 30 ஓட்டு ஒருவருக்கு, 23 ஓட்டு இன்னொருவருக்கு. ராமகிருஷ்ணன் என்பவர் ஜெயித்தார். சைக்கிளில் வார்டு சுற்றுகிற மனிதர் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அதனால் சொல்கிறேன்.

எது நல்ல முறை என்று கேட்பீர்கள். இரண்டிலும் லாப நஷ்டம் இருக்கிறது. நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் மேயருக்குத் தைரியம் இருக்கும், கவுன்சிலர் மிரட்ட முடியாது. ஆனால் மேயர் ஒரு கட்சி, கவுன்சிலர்கள் வேறு கட்சி என்றால் தீர்மானம் ஒன்றும் நகராது. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தால் வேலை ஓடும், ஆனால் மேயர் எந்நேரமும் கட்சி முகத்தையும் கவுன்சிலர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் நாத்தனார் பக்கம்தான். இறங்குகிறவர் ஏன் இறங்குகிறார் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும், ஏறுகிறவரை ஊர் பார்த்து ஏற்ற வேண்டும்.

இதை விட மோசமான காலம் ஒன்று இருந்தது, அதை யாரும் பேசுவதே இல்லை. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் கோர்ட்டில் நின்றுபோனது. 2022 மார்ச் வரை, ஐந்து வருடத்துக்கும் மேலே, எந்த மாநகராட்சியிலும் மேயர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது. அதிகாரிகள் மட்டுமே பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? அப்புறம் 2022 இல் தேர்தல் வந்தபோது பாதி இடம் பெண்களுக்கு. 21 மாநகராட்சியில் 11 மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கினார்கள். கோவை அதில் ஒன்று. அதனால்தான் ஒரு பெண் இறங்கியபோது இன்னொரு பெண்ணே வர வேண்டியிருந்தது. டீக்கடைக்காரர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்!

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். நான் அன்றைக்கு டீக்கடையில் வாய் திறக்காததற்கு ஒரு காரணம் உண்டு. அதே பேச்சை நானே ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன்.

எங்கள் குழு ஆரம்பித்தபோது ஊக்குநராக இருந்தவர் நன்றாகப் படித்தவர். தீர்மான நோட்டு, சேமிப்புப் பேரேடு, உள்கடன் கணக்கு எல்லாம் முத்து முத்தாக எழுதுவார். மூன்றாவது வருடம் திடீரென்று "என்னால முடியாது, வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார். காரணம் கேட்டதற்குச் சொல்லவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? கிணற்றடியில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும் பேசினோம். பணத்தில் கை வைத்துவிட்டார் என்று ஒருத்தி. வீட்டுக்காரர் அடித்தார் என்று ஒருத்தி. "அவளுக்குத் தலைமை தாங்கற தெம்பு இல்லை" என்று சொன்னது நான். பேரேட்டைச் சரிபார்த்தபோது ஒரு ரூபாய் குறையவில்லை. மாமியார் படுக்கையில் விழுந்திருக்கிறார், அதுதான் காரணம். ஆனால் அதற்குள் பேச்சு அவர் காதுக்குப் போய்விட்டது. குழுவை விட்டே நின்றுவிட்டார். அவ்வளவு அழகாகக் கணக்கு எழுதுகிறவர் எங்களுக்கு அதற்கப்புறம் கிடைக்கவில்லை.

கல்பனா அம்மா விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று. மேயர் பதவியைத்தான் விட்டார், 19 ஆவது வார்டு கவுன்சிலர் பதவியை விடவில்லை. மேடையில் உட்கார்ந்த மன்றத்திலேயே கீழே வரிசையில் வந்து உட்காருவது லேசான காரியமா? நம்ம ஊரில் தலைவராக இருந்தவர் மறு கூட்டத்தில் பாயில் நம்மோடு உட்காருகிறாரா? உட்கார விடுகிறோமா?

அந்த ஊக்குநர் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. பேங்க் பாஸ்புக் அவர் வீட்டிலேயே இருந்தது. கேட்டு வாங்க யாருக்கும் முகம் இல்லை. கையெழுத்து மாற்றத் தீர்மானம் எழுதிக் கொண்டு போனால் பேங்க்கில் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்றார்கள். எந்த பேங்க் என்று கேட்காதீர்கள். அந்த வருடம் எங்களுக்கு வர வேண்டிய நேரடிக் கடன் நாலு மாதம் தள்ளிப்போனது. ஒரு உறுப்பினர் மகள் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நேரம். கந்துக்காரனிடம் போனார். நாற்காலி காலியானதற்கு வட்டி கட்டியது அவர்தான்.

மனு கதையும் அப்படித்தான். நாங்கள் காய் கொண்டு போய் விற்கிற சின்ன டவுன் ஒன்று. பெயர் வேண்டாம். மார்க்கெட்டில் பெண்களுக்குக் கட்டிய கழிப்பறை பூட்டியே கிடந்தது. விடியற்காலை நாலு மணிக்கு வந்து மதியம் வரை உட்காருகிற பெண்கள் தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் பத்துப் பேர் போய்த் தலைவர் கையிலேயே மனு கொடுத்தோம். போட்டோ எடுத்தார்கள். "கண்டிப்பாப் பண்றேன்மா" என்றார். எட்டு மாதத்தில் அவர் மாறிவிட்டார். புதுத் தலைவரிடம் போனால், "அப்படி ஒரு மனுவே ஆபீஸ்ல இல்லையே" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் மனுவை ஆளிடம் கொடுத்தோம், ஆபீசில் கொடுக்கவில்லை. ஆள் போனார், மனுவும் போனது. எங்களிடம் இருந்தது போட்டோ மட்டும்.

இரண்டாவது தடவை புத்தி வந்தது. மனுவை இரண்டு நகல் எழுதினோம். ஆபீஸ் தபால் பிரிவில் கொடுத்து, நம்ம நகலில் சீல், தேதி, எண் போட்டு வாங்கினோம். அப்புறம் அந்த வார்டு கவுன்சிலரைப் பிடித்து இதை மன்றக் கூட்டத்துப் பொருளில் வைக்கச் சொன்னோம். தீர்மானமாகப் பதிவாகிவிட்டால் தலைவர் மாறினாலும் தீர்மானம் நோட்டில் நிற்கும். அடுத்து வருகிறவர் இதைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஆறு மாதம் நடந்தோம். பூட்டைத் திறந்தார்கள். தண்ணீர் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. அதற்கும் மனு கொடுத்திருக்கிறோம், எண் என்னிடம் இருக்கிறது.

மாறுகிறது டவுனில் மட்டுமில்லை. நம்ம மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5 ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பெடுத்தார்கள். அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் தலைவர் வீட்டில் கொடுத்து வைத்த மனுவைத் தேடி ஓடினோம் என்பது இங்கே இருக்கிற பலருக்குத் தெரியும். நான் பெயர் சொல்ல மாட்டேன். முன் வரிசையில் சிரிக்கிறவர்களே சொல்லிக்கொள்ளட்டும். (சிரிப்பு)

நேரமாகிவிட்டது, செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரு வேலை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இந்த மாதம் நம்ம வட்டாரத்தில் மூன்று குழுக்களில் ஊக்குநர் மாறுகிறார்கள். இறங்குகிற மூன்று பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்ம கூட்டமைப்பில் ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று அச்சடித்து வைத்திருக்கிறோம். பாஸ்புக், காசோலைப் புத்தகம், பேரேடு, தீர்மான நோட்டு, ரப்பர் ஸ்டாம்ப், கொடுத்த மனுக்களின் எண், யார் யாரிடம் எவ்வளவு கடன் பாக்கி, எல்லாம் அதில் இருக்கிறது. பழைய ஊக்குநர், புது ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், நாலு பேர் கையெழுத்து வேண்டும். குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போடுங்கள், வீட்டில் வைத்துப் போடாதீர்கள். கையெழுத்து மாற்றத்துக்கு அன்றைக்கே தீர்மானம் எழுதிவிடுங்கள். பேங்க்குக்குப் போகும்போது கூட்டமைப்பிலிருந்து நானும் வருகிறேன்.

பட்டியல் வெளியே மேசையில் இருக்கிறது. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.