சம்பளச் சீட்டை நாமே சரிபார்ப்போம்: கையில் இருக்கும் போனிலேயே கணக்குப் பழகலாம்

(வல்லக்கோட்டை கிளைக் கூட்டத்தில் நம் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, உங்க ஷிஃப்ட் குரூப்ல பகிருங்க.)



முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். நான் இன்ஜினியரிங் படிச்சவன். மேட்ரிக்ஸ், இன்டக்ரேஷன் எல்லாம் எழுதி பாஸ் பண்ணவன். வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு லட்சம் ரூபாய் வண்டிக் கடன் வாங்கினேன். "வெறும் 12 சதவீதம்தான் தம்பி" என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம், மாசம் 5,167 ரூபாய்.

பாதி கட்டின பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அது ஃப்ளாட் வட்டி. நாம கட்டக் கட்ட அசல் குறையும், ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு லட்சத்துக்கே ஓடும். மொத்த வட்டி 24,000. அதே 12 சதவீதத்தை மீதி அசலுக்கு மட்டும் போட்டிருந்தா சுமார் 13,000தான் வந்திருக்கும். 11,000 ரூபாய் போச்சு. அவங்க 12 என்று சொன்னது உண்மையில் 21க்கு மேல்.

இதைக் கண்டுபிடிக்க மேட்ரிக்ஸ் வேண்டாம். ஏழாம் வகுப்புக் கணக்கு போதும். படிச்ச எனக்கே இந்த நிலைமைன்னா, எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்டு லைனுக்கு வந்த அக்கா என்ன பண்ணுவாங்க? அதைத்தான் இன்னைக்குப் பேச வந்தேன்.

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம். காரும் லாரியும் டயரும் போனும் நம்ம கையாலதான் வெளியே போகுது. மாசக் கடைசியில் நமக்கு வர்ற சம்பளச் சீட்டில் எத்தனை பேர் கடைசி வரியைத் தாண்டிப் பார்க்கிறோம்?

இப்பவே பார்ப்போம். மொத்தச் சம்பளம் 18,000, அதில் அடிப்படை 12,000 என்று வைங்க.

இ.எஸ்.ஐ. பிடித்தம் 0.75 சதவீதம். புள்ளியைப் பார்த்துப் பயப்படாதீங்க. நூறு ரூபாய்க்கு 75 காசு, அவ்வளவுதான். 18,000ல் 180 நூறு இருக்கு. 180 தடவை 75 காசு, 135 ரூபாய். அதுக்கு மேல் பிடிச்சிருந்தா கேளுங்க.

பி.எஃப். அடிப்படையில் 12 சதவீதம். பத்து சதவீதம் என்றால் 1,200. இரண்டு சதவீதம் 240. கூட்டினா 1,440. நிறுவனமும் தன் பங்குக்கு 12 சதவீதம் கட்டணும்.

ஓவர்டைம். 18,000ஐ 26 நாளால் வகுங்க, 8 மணி நேரத்தால் வகுங்க. மணிக்கு ஏறக்குறைய 86.50. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கிற உரிமை. அப்போ மணிக்கு 173. பத்து மணி நேரத்துக்கு 1,730. உங்க சீட்டில் 865 இருந்தா, பாதிக் கூலி எங்கே போச்சு?

உரிமையைக் கேட்கக் குரல் மட்டும் போதாது தோழர்களே, தொகையும் தெரிஞ்சிருக்கணும். "குறையுற மாதிரி இருக்கு சார்" என்பவரை உட்கார வெச்சுடுவாங்க. "865 ரூபாய் குறையுது சார்" என்பவருக்குப் பதில் சொல்லியே ஆகணும்.

சரி, எங்கே கத்துக்கிறது? காசே இல்லாமல், தமிழிலேயே இருக்கு.

ஒன்று, நம்ம பாடநூல் கழகத்தின் புத்தகங்கள். இணையத்தில் எல்லா வகுப்புக்கும் இலவசமாக இறக்கிக்கலாம். ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்கில் சதவீதமும் தனிவட்டியும் இருக்கு. எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் என்ற பாடத்தில் கூட்டுவட்டி, லாப நஷ்டம். பாடத்தில் இருக்கிற க்யூ.ஆர். குறியீட்டைப் போனில் காட்டினா தீக்‌ஷா தளத்தில் வீடியோ வரும்.

இரண்டு, கல்வித் தொலைக்காட்சி. 2019லிருந்து நடக்குது. பாடங்கள் யூடியூபில் கிடைக்கும். புரியலைன்னா நிறுத்தி, திரும்பப் பார்க்கலாம். கம்பெனி பஸ்ஸில் இயர்போன் போட்டா பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

மூன்று, ஆங்கிலம் ஓரளவு வருமா? கான் அகாடமி. 2004ல் சல்மான் கான் என்பவர் அளவு மாற்றக் கணக்கில் தடுமாறிய உறவுக்காரப் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய் வளர்ந்தது. கூட்டல் கழித்தலிலிருந்து தொடங்கலாம், கட்டணம் இல்லை.

நான்கு, எழுத்தும் எண்ணும் முதலிலிருந்தே வேணும் என்கிற பெரியவர்களுக்கு, 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022ல் தொடங்கியது. உல்லாஸ் என்ற செயலியும் இருக்கு. பக்கத்து அரசுப் பள்ளியில் விசாரிங்க.

ஒரு எச்சரிக்கை. இலவசப் பாடம் என்று சொல்லி ஓ.டி.பி. கேட்டா, அது பாடம் இல்ல, திருட்டு. இன்னொன்று, 2024 அக்டோபரிலிருந்து வங்கியோ நிதி நிறுவனமோ புதுசா தனிநபருக்குக் கடன் தரும்போது, எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தோடு முக்கிய விவர அறிக்கையை நமக்குப் புரியும் மொழியில் தரணும். இது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதை வாங்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

"இந்த வயசுல கணக்கா, பிள்ளைங்க சிரிக்கும்" என்று ஒரு அக்கா சொன்னாங்க. அக்கா, 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. கூலி வேலை பார்த்துட்டு வந்த பெண்கள் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து படிச்சாங்க. அதோட சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. அப்பவும் ஊர் சிரிச்சது. அவங்க பாட்டுக்கு மிதிச்சுட்டுப் போயிட்டாங்க.

டீக்கடையில் ஒருத்தர் பேப்பர் படிக்கப் பத்துப் பேர் கேட்டு அரசியல் கத்துக்கிட்ட ஊர் இது. அதே மாதிரி கணக்கையும் கத்துக்கலாம். வர்ற ஞாயிறு சாயங்காலம் 5 மணியிலிருந்து நம்ம படிப்பகத்தில் ஒரு மணி நேரம் உட்காருவோம். உறுப்பினர் அட்டை கேட்க மாட்டோம். எந்தக் கட்சி என்றும் கேட்க மாட்டோம். சம்பளச் சீட்டு, ஒரு நோட்டு, ஒரு பேனா கொண்டு வாங்க. நான் என் பழைய கடன் பத்திரத்தைக் கொண்டு வர்றேன். முதல் கணக்கு அதுதான்.



#கணக்குக்கேட்போம் #வல்லக்கோட்டை