ஒளியைப் பார்க்கும் முன் இருட்டைத் தெரிந்துகொள்வோம்

குளிர்காலத்தில் விளக்கு அலங்காரம் பார்க்க ஒருநாள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. இதைப் பொதுவாகப் பேசாமல், ஜப்பானின் கோபே நகரில் நடக்கும் 'லுமினாரியே' விளக்குத் திருவிழாவை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். காரணம், அந்தப் பயணத்தில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன்.

2018 டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். மோத்தோமாச்சி நிலையத்தில் இறங்கியதிலிருந்து வரிசைதான். தெருத்தெருவாகச் சுற்றி மெல்ல நகர்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. நானோ கேமராவும் கையுமாகப் படம் எடுப்பதிலேயே குறியாக இருந்தேன். வளைவு வளைவாக விளக்குகள் தெரிந்ததும் கூட்டம் அப்படியே அமைதியானது. "ஏம்மா, இவ்ளோ கூட்டத்துல ஒருத்தரும் சத்தம் போடலியே, ஏன்?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஜப்பான்காரங்க அப்படித்தாம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். விளக்குகளுக்கு முன்னால் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்துப் படமும் எடுத்துக்கொண்டேன். நாலு பேருக்குத் தகவல் சொல்வதையே தொழிலாகக் கொண்டவள் நான். அன்று பெற்ற தாய்க்கே தப்பான தகவல் சொல்லிவிட்டேன்.

உண்மை இதுதான். 1995 ஜனவரி 17, விடியற்காலை 5 மணி 46 நிமிடத்துக்குக் கோபே வட்டாரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. 6,434 பேர் மாண்டார்கள். மின்சாரம் போனது, வீடு போனது, ஊரே இருண்டது. அதே ஆண்டு டிசம்பரில், மாண்டவர்களின் நினைவாகவும் இருப்பவர்களின் தெம்புக்காகவும் இத்தாலியக் கலைஞரின் கைவண்ணத்தில் இந்த விளக்குகள் ஏற்றப்பட்டன. ஒரு தடவையோடு முடித்துக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. மக்கள் விடவில்லை. ஆண்டுதோறும் தொடர்ந்தது. இறந்தவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைக்கும் நமக்கு, அந்த அமைதியின் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் அது தாமதமாகப் புரிந்தது.

இனி திட்டத்துக்கு வருவோம். முதலில் தேதி. பழைய பயண நூல்கள் பலவற்றில் 'டிசம்பர்' என்றே போட்டிருக்கும். அதை நம்பிப் போகாதீர்கள். கோவிட் காரணமாக 2020 முதல் 2022 வரை விழா வழக்கம்போல் நடக்கவில்லை. மீண்டும் நடந்தது 2024 ஜனவரியில். 2025-இல் ஜனவரி 24 முதல் பிப்ரவரி 2 வரை நடந்தது. ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் போனால் கோபேயில் இந்த விளக்குகள் இருக்காது. ஆண்டு இறுதியில்தான் போக முடியும் என்பவர்கள் ஒசாகாவின் மிடோசுஜி சாலை விளக்குகளைப் பார்த்து வரலாம். கோபேதான் வேண்டும் என்பவர்கள், அந்தந்த ஆண்டின் தேதியை விழாவின் அகப்பக்கத்தில் உறுதிசெய்த பிறகே விமான டிக்கெட்டை வாங்குங்கள்.

அடுத்தது, பகல் பொழுது. விளக்கு இரவில்தானே என்று மாலையில் கிளம்புவதுதான் நம்மில் பலர் செய்வது. அப்படிச் செய்யாதீர்கள். ஒசாகாவில் பசியாறிவிட்டுக் காலையிலேயே புறப்படுங்கள். விரைவு ரயிலில் அரை மணி நேரத்துக்குள் சன்னோமியா வந்துவிடும். அங்கிருந்து சாதாரண ரயிலில் ஒரு நிலையம் பின்னால் வந்தால் நாடா. இறங்கி நடக்கும் தூரத்தில், 2002-இல் திறக்கப்பட்ட நிலநடுக்க நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் பொதுவாக மூடியிருக்கும் என்பதால் நாளைப் பார்த்து வையுங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் கட்டாயம் உள்ளே போக வேண்டும். இரவில் பார்க்கப்போகும் விளக்குக்கு அங்கேதான் அர்த்தம் கிடைக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குச் சன்னோமியா திரும்பி, மலையடிவாரத்தில் உள்ள கித்தானோ பக்கம் போகலாம். 1923-இல் தோக்கியோ, யோக்கோஹாமா வட்டாரத்தைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்திய வணிகர்கள் பலர் கோபேக்கு வந்து குடியேறினார்கள். இன்றும் கித்தானோவில் சமணர் கோயில் உண்டு. 1935-இல் கட்டிய பள்ளிவாசல், 1945 குண்டுவீச்சையும் 1995 நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கிறது. இந்திய உணவகங்கள் இருப்பதால் சைவம் சாப்பிடுபவர்களும் பயப்பட வேண்டாம்.

ஜனவரிக் கடைசியில் அங்கே மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே துறைமுகத்தை ஒட்டிய மெரிக்கன் பூங்காவுக்குப் போய்விடுங்கள். நிலநடுக்கத்தில் உடைந்த படகுத்துறையில் 60 மீட்டரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். சரிந்த தரை, சாய்ந்து நிற்கும் விளக்குக் கம்பங்கள். 2024 முதல் லுமினாரியே விளக்குகள் பல இடங்களில் பிரித்து வைக்கப்படுகின்றன. இந்தப் பூங்காவும் அதில் ஒன்று. இங்கே கட்டணம் செலுத்திப் பார்க்கும் பகுதி உண்டு. சாய்ந்த கம்பத்தைப் பார்த்த கண்ணோடு அந்த விளக்குகளைப் பாருங்கள்.

பிறகு பழைய வெளிநாட்டவர் குடியிருப்புப் பகுதி வழியாக ஹிகாஷி யுவென்ச்சி பூங்காவுக்கு வாருங்கள். மாண்டவர்களின் பெயர்களைப் பொறித்த நினைவிடமும், நினைவுச் சுடரும் அங்கே இருக்கின்றன. அங்கிருந்து சன்னோமியா நிலையம் பக்கம். இரவு வீடு திரும்பும் வழியும் அதுதான்.

பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கேமரன் மலைக்கு வாங்கிய குளிராடை போதாது. கடற்காற்று வேறு. காதுக்குத் துணி, கைக்கு உறை, கடைகளில் விற்கும் சூட்டுப் பொட்டலம், மூன்றும் வேண்டும். மூன்று இடத்தையும் நடந்தே பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இடையில் டாக்சி எடுங்கள். கூடுமானவரை வார நாளில் போங்கள்.

இந்த விழா தொடர, வருபவர்களிடம் ஆளுக்கு 100 யென் நன்கொடை கேட்பது வழக்கம். சில்லறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று நான் உண்டியலைக் கவனிக்காமல் கடந்து போனேன். திரும்பிப் பார்த்தால், அம்மா அதில் காசு போட்டுவிட்டுக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் தெரியாமலே அவர் சரியாகச் செய்தார். நீங்கள் தெரிந்துகொண்டே போய் வாருங்கள்.