இடாப்பிலிருந்து இணையத்துக்கு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் இணையத்தளக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எமது பழைய இணையத்தளம் ஒருநாள் காணாமற்போன கதை உங்களிற் பலருக்குத் தெரியும். கடவுச்சொல் அமைத்துத் தந்தவரிடம் மட்டுமே இருந்தது. ஒரு மரண அறிவித்தல் போடுவதென்றாலும் அவருக்கு எழுதிக் காத்திருந்தோம். ஆண்டுக் கட்டணம் தவறியபோது தளமும் போயிற்று, படங்களும் போயின. இடப்பெயர்வுகளில் மலர்களையும் அல்பங்களையும் விட்டுவிட்டு வந்த எமக்கு அது இரண்டாவது இழப்பு.

அதனாற்றான் புதிய தளத்தை உள்ளடக்க முகாமைத்துவ முறைமை ஒன்றில் அமைத்தோம். பெயர்தான் பெரிது. எழுத்தும் படமும் தரவுத்தளத்தில் ஒருபுறம் இருக்கும், பக்கத்தின் தோற்றம் மறுபுறம். தோற்றத்தை மாற்றினாலும் எழுதியது அழியாது. லண்டன் கிளையினர் தம் செய்தியைத் தாமே ஏற்றலாம். குழு பார்த்து அனுமதித்த பின்னரே அது வெளிவரும். 2005 முதல் எம்மவர் நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் தளம், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியைப் பயன்படுத்துகிறது. நாம் ட்ரூபலைத் தெரிவுசெய்தோம். பழகச் சற்றுக் கடினந்தான். ஆனால் மாணவி, ஆசிரியை, மலர், நிகழ்வு என ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் வகுத்து ஒன்றோடொன்று தொடுக்க அது வசதியாயிருந்தது.

மென்பொருளை நிறுவ ஒரு நாள் போதும். பெயர்களுக்கோ மாதக்கணக்கு! இடாப்பில் தகப்பனாரின் முதலெழுத்து, மலரில் வீட்டில் கூப்பிடும் பெயர், கலியாணத்தின் பின் கணவர் பெயர், கனடா போனதும் வேறோர் எழுத்துக்கூட்டல். ஒருவரே நால்வராகி நின்றார். ஆளுக்கு ஒரு பதிவு, அதன்கீழ் எத்தனை பெயரும் என்று வைத்தோம். இப்போது எந்தப் பெயரில் தேடினாலும் அவர் வருவார். பாமினி எழுத்துருவில் இருந்த மலர்களையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றாதவரை தேடுபொறிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துக் கூளம்.

ஓர் அக்கா தன் படத்தை எடுத்துவிடும்படி கேட்டார். காரணம் கேளாமல் எடுத்தோம். முகவரிகள் எவருக்கும் காட்டப்படா.

இனி எமது கவலை. 2014 ஒக்டோபர் 15 அன்று ட்ரூபலில் பாரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. 7 மணித்தியாலத்துக்குள் திருத்தப்படாத தளங்கள் ஊடுருவப்பட்டுவிட்டன என்றே கொள்ளும்படி அதன் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. தளம் கட்டியதோடு வேலை முடிவதில்லை, விழித்திருக்க ஆள் வேண்டும். கடவுச்சொற்கள் இன்று கொழும்பில் ஒருவரிடமும் ரொறன்ரோவில் ஒருவரிடமும் உள்ளன. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அண்மையில் பாடசாலையை விட்டுச் சென்ற தங்கை ஒருத்தி மூன்றாமவராக வரவேண்டும்.

தேநீர் வேளையில் மண்டப வாசலில் இருப்போம். பெயர் தெரியாத வகுப்புப் படங்களும் மேசையில் இருக்கும். மூத்த அக்காமாரே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.