சுளகுக்கு மேல ஒரு விளக்கு: எல்.இ.டி. விளக்கை நாமே செய்யலாமா?

(ஒலிப்பதிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)

வீட்டுக்கு வேண்டிய எல்.இ.டி. விளக்கை நாமே செஞ்சுக்கலாமா, செய்யறதா இருந்தா எந்த வழி நல்லது, இதைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன். நான் நாலு வழியைப் பார்த்துட்டேன். அதுல ஒண்ணு எங்கம்மாவுக்கு ஷாக் அடிச்சுது. அதனால நிதானமாவே சொல்றேன்.

எங்க ஊர் சிவகிரி. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போற ரோட்டுல, வாசுதேவநல்லூருக்கு முன்னாடி, மலையடிவாரம். தென்காசி மாவட்டத்துல பீடி சுத்துற வீடுகள் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். எங்கம்மாவும் சின்ன வயசிலிருந்து சுத்துறாங்க. பகல்ல வீட்டு வேலை. ராத்திரி சாப்பாடு முடிஞ்சாத்தான் சுளகை மடியில வச்சு உக்காருவாங்க. இலையை வெட்டணும், தூளை வச்சுச் சுருட்டணும், நூலைக் கட்டணும், தலையை மடக்கணும். எல்லாமே விரல் நுனி வேலை. சரியில்லாத பீடியைக் கடையில கழிச்சுருவாங்க. கழிச்சா கூலி போச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி அம்மாவுக்குக் கண்ணுல புரை எடுத்தோம். அப்புறம் ஒருநாள், "யய்யா, லைட்டு மங்கிப்போச்சுல, மாத்து"ன்னாங்க. ட்யூப் லைட் நல்லாத்தான் எரிஞ்சுது. பக்கத்துல உக்காந்து பார்த்தப்பதான் புரிஞ்சுது. லைட்டு பின்பக்கச் சுவத்துல, உசரத்துல இருக்கு. அம்மா குனிஞ்சதும் அவங்க தலை நிழல் நேரா சுளகுல விழுது. அறை முழுக்க வெளிச்சம், வேலை நடக்கிற அந்த ஒரு சாண் இடத்துல இருட்டு.

நண்பர்களே, முதல்ல கேக்க வேண்டிய கேள்வி "எத்தனை வாட்ஸ்"ங்கிறது இல்ல. "வெளிச்சம் எங்க விழணும்"ங்கிறதுதான். சின்ன விளக்கா இருந்தா, தூரத்தைப் பாதியாக்கினா அந்த இடத்துல வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்கு. அதனால சுளகுக்கு ரெண்டரை அடி மேல, தலைக்கு முன்னால ஒரு விளக்கு வேணும்னு முடிவு பண்ணேன். இனி நாலு வழியையும் பார்ப்போம்.

முதல் வழி: ரெடிமேட் பேட்டன். 20 வாட்ஸ் எல்.இ.டி. ட்யூபை வாங்கி, சங்கிலி போட்டுத் தாழ்வாத் தொங்கவிடறது. ஒழுங்கான கம்பெனி பேட்டன் சுமார் 2000 லூமன்ஸ் தரும். உள்ள டிரைவர் இருக்கு, மூடியிருக்கு, வாரண்டி இருக்கு. ஆனா நாலடி நீளம். எங்க வீட்டுல அம்மா உக்காரும் மூலைக்கு மேல சாமி அலமாரி. அங்க அது நிக்காது.

ரெண்டாவது வழி: நேரா 230 வோல்ட்டுல எரியற போர்டு. கடையில "டி.ஓ.பி."னு கேட்டா தருவாங்க. ஒரு அலுமினியத் தகடு, அதுமேல எல்.இ.டி., அதே தகட்டுலயே டிரைவர். விலை ரொம்பக் குறைவு, ரெண்டு வயரைக் கொடுத்தா எரியும். நானும் வாங்கி ஒரு இரும்பு ஸ்டாண்டுல ஸ்க்ரூ வச்சு முடுக்கினேன். வெளிச்சம் பளிச்சுன்னு இருந்துச்சு. மூணாவது நாள் ராத்திரி அம்மா ஸ்டாண்டை நகத்தப் போனாங்க. பீடி இலையை நனைச்சுத்தான் வெட்டணும், கை எப்பவும் ஈரம். சுர்ருனு பிடிச்சிருச்சு. சுளகு ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். நல்லவேளை, கை தானா விலகிருச்சு.

மறுநாள் பிரிச்சுப் பார்த்தேன். நான் முடுக்கின ஸ்க்ரூவோட தலை, போர்டுல ஓடுற செம்புக் கோட்டைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. இந்த மாதிரி போர்டுல கரண்டுக்கும் நமக்கும் நடுவுல டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட்டை டி.சி. ஆக்கும்போது உச்சத்துல 325 வோல்ட் வரும். செம்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல இருக்கிறது மெல்லிய ஒரு படலம் மட்டும்தான். மூடின பல்புக்குள்ள இருந்தா அது வேற. திறந்த விளக்குல, கை எட்டுற உசரத்துல, இதைப் போடவே கூடாது. கடைக்காரரைக் குத்தம் சொல்லல. கேக்காமச் செஞ்சது என் தப்பு.

அந்த போர்டுல இன்னொரு குறையும் உண்டு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான போர்டு வினாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா செல்போன் கேமராவுல பார்த்தா கோடு கோடா ஓடும். கடையிலயே இதைச் சோதிச்சுப் பார்க்கலாம்.

மூணாவது வழி: ஒரு வாட் எல்.இ.டி.களை அலுமினிய போர்டுல ஒட்டி, தனி டிரைவர் கொடுக்கறது. ஒவ்வொண்ணுக்கும் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல, 300 மில்லி ஆம்பியர். ஒன்பதை வரிசையா கோத்தா 27லேருந்து 30 வோல்ட். டிரைவர் மேலயே எத்தனை எல்.இ.டி., எவ்வளவு மில்லி ஆம்பியர்னு போட்டிருக்கும். கரண்டை ஒரே அளவுல பிடிச்சு வைக்கறதால ஆயுசு நல்லா இருக்கும். ஆனா ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, டிரைவர் "ஐசோலேட்டட்" வகையா இருக்கணும். இல்லைன்னா மறுபடியும் அந்த ஷாக் கதைதான். இன்னொண்ணு, சூடு. எல்.இ.டி.க்குப் போற மின்சாரத்துல பாதிக்கு மேல சூடாத்தான் மாறும், அது பின்பக்கமா வெளியேறணும். தெர்மல் பேஸ்ட், அலுமினிய ஹீட் சிங்க் ரெண்டும் வேணும். சால்டரிங் பழக்கம் இருக்கிறவங்களுக்கு இது நல்ல வழி.

நாலாவது வழி: 12 வோல்ட் ஸ்ட்ரிப். நான் கடைசியா இதுலதான் நின்னேன். மீட்டருக்கு 120 எல்.இ.டி. இருக்கிற ஸ்ட்ரிப், மீட்டருக்குப் பத்து வாட்ஸுக்குக் கொஞ்சம் கீழ. ஒரு மீட்டரை ரெண்டா வெட்டி, அரை மீட்டர் அலுமினிய சேனல்ல பக்கத்துப் பக்கத்துல ஒட்டினேன். மூணு எல்.இ.டி.க்கு ஒரு தடவை கத்தரிக் குறி போட்டிருக்கும், அங்க மட்டும்தான் வெட்டணும். மேல பால் நிற மூடி. புரை எடுத்த கண்ணுக்குக் கூச்சம் ஆகாது. 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் கொடுத்தேன். அது தாங்குறது 24 வாட்ஸ், நம்ம தேவை 10, அதனால சூடேறாது. அடாப்டர்ல பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கான்னு பாருங்க, "ஆர்"னு தொடங்கி எட்டு இலக்கம் இருக்கும். அது சுவத்து பிளக்கோட நின்னுரும். அம்மா கைக்கு எட்டுறது 12 வோல்ட் மட்டும்.

இதுலயும் குறை உண்டு. மூணு எல்.இ.டி. சேர்ந்து 9 வோல்ட் எடுக்கும், மீதி 3 வோல்ட் ரெசிஸ்டர்ல சூடா வீணாகும். அதாவது கால்வாசி நஷ்டம். அஞ்சு மீட்டர் நீளத்துக்கு ஒரே முனையில கரண்ட் கொடுத்தா கடைசிப் பக்கம் மங்கும். இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட்தானேன்னு நேரா கொடுத்துராதீங்க. சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டுக்கு மேல ஏறும், ஸ்ட்ரிப்ல ஓடுற கரண்ட் ஒன்றரை மடங்காகி, சீக்கிரம் கருகிரும்.

கலர் விஷயம் ஒண்ணு. வெள்ளை எல்.இ.டி.ங்கிறது நீல எல்.இ.டி. மேல மஞ்சள் பாஸ்பர் பூசினது. அந்த நீலத்தைச் சாத்தியமாக்கின மூணு பேருக்குத்தான் 2014-ல இயற்பியல் நோபல். பாஸ்பர் அளவைப் பொறுத்து 3000 கெல்வின்னா மஞ்சள், 6500னா நீலம் கலந்த வெள்ளை. அம்மாகிட்ட மூணு துண்டை எரிச்சுக் காட்டினேன். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு 4000-ஐக் காட்டி, "இதுலதான் இலை இலையாத் தெரியுது"ன்னாங்க. வேலை செய்யறவங்க கண்ணுதான் மீட்டர்.

கணக்கும் பார்த்துருவோம். பழைய 40 வாட்ஸ் ட்யூப், சோக்கோட சேர்த்தா சுமார் 50 வாட்ஸ். ராத்திரி அஞ்சு மணி நேரம், 60 நாள், 15 யூனிட். இந்த 10 வாட்ஸ் விளக்குக்கு 3 யூனிட். இலவச யூனிட் எல்லைக்குள்ள நிக்கப் பார்க்கிற வீட்டுக்கு இந்த 12 யூனிட் பெருசு.

விளக்கைப் பார்த்துட்டு பக்கத்து வீட்டு மதினி, "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க தம்பி"ன்னாங்க. போய்ப் பார்த்தேன். அவங்க திண்ணையில நாலு பேர் வட்டமா உக்காந்து சுத்துறாங்க. மேல நல்ல உத்தரம் இருக்கு. "மதினி, உங்களுக்கு நான் செய்ய வேண்டாம். ஒரு பேட்டன் வாங்குங்க, வட்டத்துக்கு நடுவுல தாழ்வாத் தொங்கவிட்டுத் தாரேன்"னேன். அவங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனா நாலு சுளகுக்கும் அதுதான் சரி.

கடையில கிடைக்கறது உங்க இடத்துக்குப் பொருந்துச்சுன்னா அதையே வாங்குங்க. பொருந்தாத மூலைக்கு மட்டும் செய்யுங்க. செஞ்சா, கை படுற பக்கம் 12 வோல்ட்டைத் தாண்ட விடாதீங்க.

அம்மா இன்னும் அந்த இரும்பு ஸ்டாண்டைத் தொடறதில்ல. புது விளக்கை அணைக்கும்போதுகூட முந்தானையில கையைத் துடைச்சுட்டுத்தான் சுவிட்சுக்குப் போறாங்க. நான் அது வேண்டாம்னு சொல்லல. நல்ல பழக்கம், இருந்துட்டுப் போகட்டும்.