தோற்றவர்களின் தாள்கள்



இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் இரண்டாம் போரின்போதும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அரசியல் எப்படி நடந்தது என்று இரண்டு நாள் பேசப்போகிறோம். கட்டுரைச் சுருக்கங்கள் அனைத்தையும் படித்தேன். பெரும்பாலானவை ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பற்றியவை. அதில் வியப்பில்லை. நான்கு முறை நின்று நான்கு முறையும் வென்றவர் அவர். 1936இல் அவரை எதிர்த்த ஆல்ஃப் லாண்டனுக்கு மெய்ன், வெர்மாண்ட் என்ற இரண்டே மாநிலங்கள் கிடைத்தன. தேர்வாளர் வாக்குகள் 523க்கு 8. ஆனால் அந்தக் காலத்தை ரூஸ்வெல்ட் என்ற ஒரு மனிதரின் கதையாகப் படித்தால் பாதிதான் விளங்கும் என்பது என் உறுதியான கருத்து. மறுபாதி அவரிடம் தோற்றவர்களிடம் இருக்கிறது. இந்தத் தலைமை உரையில் அவர்களுக்காகப் பேச விரும்புகிறேன்.

1936இன் பெருவெற்றி ரூஸ்வெல்ட்டுக்கு நெடுநாள் உதவவில்லை. தம் சட்டங்களை அடுத்தடுத்துச் செல்லாதவையாக்கிய உச்ச நீதிமன்றத்தில் கூடுதலாக ஆறு நீதிபதிகள் வரை நியமிக்க 1937இல் வழி தேடினார். அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த செனட் சபை அதை 70க்கு 20 என்ற வாக்கில் குழுவுக்கே திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த ஆண்டு இடைக்காலத் தேர்தலிலும் அவர் கட்சி ஏராளமான இடங்களை இழந்தது. ஐரோப்பாவில் போர் மூண்டபோது ரூஸ்வெல்ட் நினைத்ததையெல்லாம் முடிக்கக்கூடிய தலைவராக இருக்கவில்லை. நடுநிலைச் சட்டங்கள் அவர் கையைக் கட்டியிருந்தன. இன்னொரு போரா என்று அஞ்சிய தாய்மார்களின் கடிதங்கள் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் குவிந்துகொண்டிருந்தன.

1940 ஜூன் 22. பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள். இரண்டு நாள் கழித்து ஃபிலடெல்ஃபியாவில் குடியரசுக் கட்சியின் மாநாடு கூடியது. டூயி, டாஃப்ட், வாண்டன்பர்க் என்று பெரிய பெயர்கள் வேட்பாளர் ஆகக் காத்திருந்தன. ஆறாவது சுற்று வாக்கெடுப்பில் வென்றவரோ அதுவரை எந்தத் தேர்தல் பதவியும் வகித்திராத வென்டெல் வில்கி. மின்சார நிறுவனத் தலைவர். அண்மைக் காலம் வரை ரூஸ்வெல்ட்டின் ஜனநாயகக் கட்சியில் இருந்தவர். டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தில் ரூஸ்வெல்ட் அரசுடன் ஆண்டுக்கணக்கில் மோதியவர். குடியரசுக் கட்சியில் பெரும்பகுதி, போரில் தலையிடவே கூடாது என்ற பிரிவு. வில்கியோ பிரிட்டனுக்கு உதவ வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர்.

அங்கிருந்து ஐந்து மாதங்களை நாள்வாரியாகப் படிக்கும்படி என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். ஆகஸ்ட் 17 அன்று சொந்த ஊரான இண்டியானாவின் எல்வுட்டில் வேட்பாளர் ஏற்புரை ஆற்றியபோது, கட்டாய இராணுவச் சேவையை ஆதரிப்பதாக வில்கி சொன்னார். அமைதிக் காலத்தில் இளைஞர்களைப் படைக்கு இழுப்பது அந்த நாட்டில் அதுவரை நடந்ததில்லை. தேர்தல் ஆண்டில் அதை எதிர்த்து முழங்கியிருந்தால் வாக்குகள் கொட்டியிருக்கும். அவர் அந்த ஆயுதத்தை எடுக்கவில்லை. சட்டம் செப்டம்பர் 16 அன்று கையெழுத்தானது. வாக்குப்பதிவுக்கு ஒரே வாரம் முன்பு, அக்டோபர் 29 அன்று, முதல் குலுக்கல் நடந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு முதல் எண்ணை எடுத்தவர் போர்த்துறைச் செயலாளர் ஸ்டிம்சன். அவரும் குடியரசுக் கட்சிக்காரரே. ஃபிலடெல்ஃபியா மாநாட்டுக்குச் சில நாள் முன்புதான் ரூஸ்வெல்ட் அவரைத் தம் அமைச்சரவைக்கு அழைத்திருந்தார். எடுத்த எண் 158.

வில்கியைப் புனிதராக்க நான் வரவில்லை. கருத்துக்கணிப்பில் பின்தங்கியதும், ரூஸ்வெல்ட் வென்றால் அமெரிக்கப் பிள்ளைகள் விரைவில் கப்பலேறிவிடுவார்கள் என்று அவரும் பயமுறுத்தத் தொடங்கினார். உடனே ரூஸ்வெல்ட் அக்டோபர் 30 அன்று பாஸ்டனில், உங்கள் பிள்ளைகள் எந்த அந்நியப் போருக்கும் அனுப்பப்பட மாட்டார்கள் என்று தாய்தந்தையருக்கு வாக்குக் கொடுத்தார். காப்பாற்ற முடியாத வாக்கு அது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். பெரிய தலைவர் என்பதற்காக இதை நாம் மூடி மறைக்கக் கூடாது.

தேர்வாளர் வாக்குகளில் முடிவு 449க்கு 82. ஏறத்தாழ 2 கோடியே 23 லட்சம் பேர் வில்கிக்கு வாக்களித்திருந்தனர். அத்தனை பேரின் நம்பிக்கையைப் பெற்றவர் தோல்விக்குப் பின் என்ன செய்கிறார் என்பதில் ஒரு நாட்டின் போக்கே அடங்கியிருக்கிறது. 1941 தொடக்கத்தில் வில்கி குண்டுகள் விழுந்துகொண்டிருந்த லண்டனுக்குப் போனார். திரும்பியதும் செனட் குழுவின் முன் அமர்ந்து, பிரிட்டனுக்குத் தளவாடங்கள் வழங்கும் கடன்-குத்தகை மசோதாவை ஆதரித்துச் சாட்சியம் சொன்னார். ரூஸ்வெல்ட்டைத் தாக்கி நீங்களே பேசியது என்ன ஆயிற்று என்று மடக்கினார்கள். அது தேர்தல் மேடைப் பேச்சு என்று நேராக ஒப்புக்கொண்டார். சொந்தக் கட்சி அவரை அதற்காக மன்னிக்கவேயில்லை. அந்த ஆதரவு எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு கணக்கு போதும். அதே ஆண்டு ஆகஸ்டில் கட்டாயச் சேவையை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்று ஒரே வாக்கில் பிழைத்தது. அந்த 203இல் குடியரசுக் கட்சியினர் 21 பேர். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு அப்போது நான்கே மாதம் இருந்தது.

நமக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. காந்தியடிகள் கைதான சில வாரங்களில், 1942 ஆகஸ்ட் இறுதியில், வில்கி ரூஸ்வெல்ட்டின் ஒப்புதலோடு உலகப் பயணம் புறப்பட்டார். மத்திய கிழக்கு, சோவியத் நாடு, சீனா என்று போனவர் இந்தியாவுக்கு வரவில்லை. ஆனாலும் போன இடமெல்லாம் இந்தியா என்ன ஆகும் என்ற கேள்வியே தம்மை எதிர்கொண்டதாக எழுதினார். அக்டோபர் 26 அன்று வானொலியில் பேசி, ஏகாதிபத்தியத்தின் காலம் முடிந்துவிட்டது என்று தம் மக்களுக்கு எடுத்துச் சொன்னார். பதினைந்து நாள் கழித்து, பிரிட்டிஷ் பேரரசைக் கலைப்பதற்காகத் தாம் பிரதமராகவில்லை என்று சர்ச்சில் அறிவித்தார். ரூஸ்வெல்ட்டோடு தாம் சேர்ந்து அறிவித்த அட்லாண்டிக் சாசனம் இந்தியாவைக் கட்டுப்படுத்தாது என்று சர்ச்சில் முன்பே சொல்லியிருந்தார்; அப்போதும் ரூஸ்வெல்ட் வெளிப்படையாக மறுக்கவில்லை. ஆட்சியில் இருப்பவர் சொல்ல முடியாததைத் தோற்றவர் சொன்னார்.

இனி 1944. பிரிட்டன் 1935க்குப் பிறகு பத்து ஆண்டுகள் பொதுத் தேர்தலே நடத்தவில்லை. சென்னை மாகாணம் 1939 முதல் ஆளுநர் ஆட்சியில் கிடந்தது. அமெரிக்காவோ போரின் நடுவில் வாக்குப்பெட்டியைத் திறந்தது. அதற்காக அந்த நாட்டை மனமாரப் பாராட்டுகிறேன்.

அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தாமஸ் டூயி. பேர்ல் துறைமுகத்துக்கு முன்பே ஜப்பானின் இரகசியக் குறியீடுகள் உடைக்கப்பட்டிருந்தன என்ற செய்தி அவர் காதுக்கு எட்டிவிட்டது. மேடையில் அதைப் போட்டு உடைத்தால் ரூஸ்வெல்ட் ஆடிப்போவார். இராணுவத் தலைமைத் தளபதி மார்ஷல், குடியரசுத் தலைவருக்குக்கூடத் தெரியாமல், ஒரு கர்னல் கையில் கடிதம் கொடுத்தனுப்பினார். டூயி முதலில் சில வரிகளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்; பிறகு ஆல்பனியில் முழுவதும் படித்தார். அந்தக் குறியீடுகள் இன்னும் பயன்பட்டுக்கொண்டிருந்தன. வெளியே சொன்னால் வீரர்களின் உயிர் போகும். டூயி கடைசிவரை வாய் திறக்கவில்லை. தோற்றார். ரூஸ்வெல்ட்டின் நான்கு வெற்றிகளில் வாக்கு வித்தியாசம் மிகக் குறைந்தது அந்தத் தேர்தலில்தான்.

அதே தேர்தலில் வேறொரு மௌனமும் இருந்தது. மார்ச் மாதம் பெதஸ்தா கடற்படை மருத்துவமனையில் இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புரூன் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்தார். கடும் இரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் தெரிந்தன. வாக்காளர்களிடம் நலமாக இருக்கிறார் என்றே சொல்லப்பட்டது. உடன் நின்ற துணைத் தலைவர் வேட்பாளர் ட்ரூமன் 82 நாள் அந்தப் பதவியில் இருந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று தலைமைப் பொறுப்பு அவர் தோளில் விழுந்தபோது, அணுகுண்டுத் திட்டத்தின் விவரங்கள் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. டூயியின் மௌனமும் இந்த மௌனமும் ஒரே தராசில் நிற்கத்தக்கவை அல்ல. முன்னது தமக்கே நட்டம் தந்தது. பின்னது மக்களின் உரிமையைப் பறித்தது. ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டதை இரண்டு பெரிய கட்சிகளின் தலைமையும் தேர்தல் பிரச்சினை ஆக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

வில்கி அந்தத் தேர்தலைப் பார்க்கவில்லை. ஏப்ரலில் விஸ்கான்சின் முதனிலைத் தேர்தலில் கட்சி அவரைக் கைவிட்டது. அக்டோபர் 8 அன்று, 52 வயதில், காலமானார்.

இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரூஸ்வெல்ட்டின் ஆவணங்கள் ஹைட் பார்க் நூலகத்தில் இருக்கின்றன. உலகமெல்லாம் அங்கே போகிறது. வில்கியின் தாள்கள் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் இருக்கின்றன. டூயியின் தாள்கள் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இந்த அரங்கில் இருந்து ஒருவராவது அந்தப் பெட்டிகளைத் திறந்து படித்து, தமிழில் எழுத வேண்டும். அந்த எதிர்பார்ப்போடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.