சட்டி குடிக்கும் தண்ணீர்

கிழக்கிலங்கையின் பெரியநீலாவணையில் எங்கள் அம்மம்மா எருமைத் தயிரை மண்சட்டியில்தான் உறைய வைப்பார். சட்டியின் வெளிப்புறம் எப்போதும் ஈரம் கசிந்து சில்லென்றிருக்கும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் தயிரில் மிஞ்சிய நீரை உறிஞ்சி வெளியே விடுகின்றன. அது ஆவியாகும்போது சட்டி குளிர்கிறது, தயிர் இறுகுகிறது. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதமளவு, எருமைப்பாலில் 7 சதவீதத்தைத் தொடும். வெட்டியெடுக்கலாம் போலத் தயிர் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிளாஸ்டிக் கிண்ணத்தில் அந்த மண்வாசம் வருமா?

எங்கள் வீட்டு உறைமோரைப் போலவே, எங்கள் கிழக்குக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் 'குடி' எனும் குலமும் தாய்வழியே வரும், வீடும் மகளுக்குத்தான். அம்மாவுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வளவுக்குப் போன அம்மம்மா, அடுப்படியில் விட்டுச்சென்றது ஒரு சிரட்டை உறைமோர். இன்று காலை என் மகள் அதில்தான் பால் உறையவைத்தாள்.