நாடோடி மேடையின் மகள்



இங்கிலாந்தில் நடுவயது கடந்த எவரிடமும் பெலிசிட்டி கெண்டல் என்ற பெயரைச் சொன்னால் அவர் முகம் மலரும். 1975 முதல் 1978 வரை பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த ‘தி குட் லைஃப்’ என்னும் நகைச்சுவைத் தொடரே அதற்குக் காரணம். உத்தியோகத்தை உதறிவிட்டு, வீட்டுத் தோட்டத்திலேயே காய்கறி பயிரிட்டும் ஆடும் கோழியும் வளர்த்தும் வாழத் துணிந்த ஒரு தம்பதியின் கதை அது. அதில் பார்பரா என்னும் மனைவியாக நடித்து அந்நாட்டு மக்களின் உள்ளத்தில் இடம்பெற்றவர் பெலிசிட்டி அம்மையார்.

இத்தகைய நடிகையார் நடிப்பைப் பயின்றது லண்டன் மாநகரின் நாடகக் கலாசாலை எதிலும் அன்று. நம் பாரத நாட்டின் பள்ளி மண்டபங்களிலும் அரண்மனைக் கூடங்களிலும், இடையிடையே நாம் வாழும் இக்கொல்கத்தா நகரிலுமே அவர் தம் தொழிலைக் கற்றார்.

அவருடைய தந்தையார் ஜெஃப்ரி கெண்டல் 1909இல் பிறந்தவர். பிராக் என்னும் தம் குடும்பப் பெயரை விடுத்து, பிறந்த ஊராகிய கெண்டலின் பெயரையே மேடைப் பெயராகப் பூண்டார். ஊரைத் துறந்து வாழ்நாளெல்லாம் அலைந்தவர், அவ்வூரின் பெயரை மட்டும் தம்மோடு எடுத்துச் சென்றார். பெயருக்கு முன் ஊரின் முதலெழுத்தைச் சுமந்து திரியும் தமிழராகிய நமக்கு இது எளிதில் விளங்கக்கூடியதே.

இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்கு நாடகம் நடத்துவதற்காக ஜெஃப்ரியும் அவர் மனைவி லாரா லிடெலும் இந்தியா வந்தனர். பின்னர் 1947இலும், மீண்டும் 1953இலும், ‘ஷேக்ஸ்பியரானா’ என்னும் தம் குழுவோடு இந்நாட்டுக்குத் திரும்பினர். சிறிய குழுவாதலின் ஒருவரே ஒரு நாடகத்தில் பல வேடம் தாங்குவார். இன்று அரசர் முன்னிலையில் ஆட்டம்; நாளை கன்னிமாடப் பள்ளி மாணவியர் முன்னிலையில் ஆட்டம். இரண்டுக்கும் உழைப்பு ஒன்றே.

1946இல் இங்கிலாந்தில் பிறந்த பெலிசிட்டி ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே, ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தில் வரும் குழந்தையாக மேடைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். ஏழு வயதளவில் பெற்றோருடன் இந்தியா வந்தார். குழு ஊர்விட்டு ஊர் செல்லச் செல்ல, அவர் படிப்பும் பள்ளிவிட்டுப் பள்ளி சென்றது. ஆறு கன்னிமாடப் பள்ளிகளில் அவர் பயின்றார். சிறுவர் வேடங்களில் தொடங்கி, வளர வளர இளநங்கை வேடங்களை ஏற்றார். பதினேழாம் வயதில் இக்கொல்கத்தாவில் டைபாய்டு சுரத்தால் துன்புற்றார்.

இந்த வாழ்க்கை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது, அவர்களுள் சண்முகம் ஆறு வயதுச் சிறுவர். கம்பெனி வீடே வீடு, ஆசிரியரே தந்தை, பாடமே பசிக்கு உணவு. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் அத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் உருவானவர்களே. ஷேக்ஸ்பியரும் நமக்கு அயலவர் அல்லர். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தந்தார். வெனிஸ் நகர வணிகனை ‘வாணீபுர வணிகன்’ ஆக்கினார்.

அந்தக் கம்பெனிகளின் கூட்டத்தைச் சினிமா கவர்ந்ததுபோலவே ஷேக்ஸ்பியரானாவின் கூட்டத்தையும் கவர்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சி நீங்கியபின் ஆங்கில நாடகத்தை நாடுவோரும் குறைந்தனர். இந்த மாற்றத்தையே பொருளாகக் கொண்டு, ஜேம்ஸ் ஐவரி இயக்க, இஸ்மாயில் மெர்ச்சன்ட் தயாரித்த படம், 1965இல் வெளிவந்த ‘ஷேக்ஸ்பியர் வாலா’. இதற்கு இசையமைத்தவர் கொல்கத்தாவின் சத்யஜித் ராய். ஒளிப்பதிவு செய்தவர் சுப்ரதா மித்ரா. கெண்டல் குடும்பத்தாரே, தம் வாழ்வை ஒத்த ஒரு நாடகக் குடும்பத்தாராக அதில் நடித்தனர். மகள் லிசியாக வந்தவர் பெலிசிட்டி.

படத்தில் ஒரு காட்சி. மேடையில் ‘ஒத்தெல்லோ’ நடந்துகொண்டிருக்கிறது. சினிமா நட்சத்திரமாகிய மஞ்சுளா, ஆட்டம் தொடங்கி நெடுநேரம் கழித்து வந்து அமர்கிறாள். அவ்வளவுதான், சபையோரின் கண்களெல்லாம் அவள்பால் திரும்பிவிடுகின்றன. மேடையில் நடிப்பவர் நடித்துக்கொண்டே இருக்கிறார், காண்போர் இல்லை. அந்த நட்சத்திரமாக நடித்த மதுர் ஜாஃப்ரிக்கே அவ்வாண்டு பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடிப் பரிசு கிடைத்தது.

கதையின் முடிவில் லிசியைப் பெற்றோர் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றுகின்றனர். அவளோ, தாயகம் என்று சொல்லப்படும் அந்நாட்டை அறியாதவள். வெளிமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இக்காட்சி உறுத்தாமல் இராது. ‘ஊருக்குப் போகிறோம்’ என்று பெற்றோர் மகிழ்ந்து சொல்லும்போது, ‘எந்த ஊருக்கு?’ என்று குழந்தை கேட்கும் வீடுகள் லேக் மார்க்கெட் வட்டாரத்திலும் உண்டல்லவா?

பெலிசிட்டியும் மெய்யாகவே லண்டன் சென்றார். அங்கே அவரை அறிந்தவர் அரியர். ஆயினும் 1966இல் ‘தி மேஃப்ளை அண்ட் தி ஃபிராக்’ என்னும் தொலைக்காட்சி நாடகத்தில், மாபெரும் ஷேக்ஸ்பியர் நடிகராகிய ஜான் கீல்குட் உடன் நடிக்கும் வாய்ப்பைப் பெற்றார். மறு ஆண்டு லண்டன் மேடையில் தோன்றினார். தொடர்ந்து 1979இல் நேஷனல் தியேட்டரில் ‘அமேதியஸ்’, 1993இல் டாம் ஸ்டாப்பார்டின் ‘ஆர்கேடியா’ என அவர் புகழ் வளர்ந்தது. 1995இல் சி.பி.இ. என்னும் அரசுச் சிறப்பும் பெற்றார்.

வானொலி நேயர்கள் அறியத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. சிறுவயதில் டார்ஜிலிங்கில் படித்தவராகிய ஸ்டாப்பார்ட், 1991இல் பி.பி.சி. வானொலிக்கு ஒரு நாடகம் எழுதினார். 1930ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வரும் ஓர் ஆங்கிலக் கவிஞையின் கதை அது. அக்கவிஞைக்குக் குரல் கொடுத்தவர் பெலிசிட்டி. அந்நாடகமே 1995இல் ‘இந்தியன் இங்க்’ என்று விரிந்து மேடையேறியபோதும் அவரே அவ்வேடம் தாங்கினார். இந்தியாவை விட்டுச் சென்ற பெண், இந்தியாவுக்கு வரும் பெண்ணாக லண்டனில் நடித்தார்!

அவருடைய தமக்கை ஜெனிபரின் வழி வேறு. 1956இல் கொல்கத்தாவில், இந்நகரிலேயே பிறந்தவரான சசி கபூரைச் சந்தித்தார். 1958இல் அவரை மணந்து இந்தியாவிலேயே தங்கினார். 1981இல் அபர்ணா சென் இயக்கிய ‘36 சௌரிங்கி லேன்’ படத்தில், ஷேக்ஸ்பியர் பாடம் சொல்லும் முதிய ஆங்கிலோ-இந்திய ஆசிரியையாக, இந்நகரின் தனிமையையே தம் முகத்தில் காட்டினார். தந்தை ஜெஃப்ரியும் அதில் நடித்தார். ஜெனிபர் 1984இல் காலமானார். அவரும் கணவரும் 1978இல் மும்பை ஜுஹுவில் திறந்த பிருத்வி தியேட்டரில் இன்றும் நாடகங்கள் நடைபெறுகின்றன.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 1947இல் கொல்கத்தா மாணவர் ஒருவரின் நடிப்பைக் கண்ட ஜெஃப்ரி, அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். அவர்தாம் உத்பல் தத். அங்கே கற்ற ஒழுங்கை அவர் வங்காள மேடைக்குக் கொணர்ந்தார். ஷேக்ஸ்பியரை வங்காளியில் நடித்தார். 1959இல் மினர்வா அரங்கில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றிய ‘அங்கார்’ நாடகத்தை நடத்தினார். ஜெஃப்ரி கெண்டலைத் தம் ஆசானாகவே அவர் போற்றினார்.

ஷேக்ஸ்பியரானா இன்று இல்லை. ஜெஃப்ரியும் 1998இல் மறைந்தார். அக்குழு தோற்றது என்பாரும் உளர். எனினும் ஒரு மகள் அதன் பயிற்சியை லண்டன் தொலைக்காட்சிக்குக் கொண்டு சென்றார். மற்றொரு மகள் இந்தியத் திரைக்கும் அரங்குக்கும் தந்தார். பிற நாட்டு மாணவர் ஒருவர் அதைத் தம் தாய்மொழிக்கு ஆக்கினார். குறித்த நேரத்தில் மேடையேறுவது, பாடத்தைப் பிழையின்றிச் சொல்வது, பத்துப் பேர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருந்தாலும் ஒன்றேபோல் நடிப்பது ஆகியவையே அவர்கள் பெற்ற சீதனம்.

நம் பிள்ளைகள் நாளை எவ்வூரைத் தம் ஊர் என்பர் என நாம் கவலைப்படுகிறோம். அக்கவலை இயல்பே, அதற்கு எளிய விடையும் இல்லை. கெண்டல் சகோதரியருள் ஒருவர் சென்றார், ஒருவர் தங்கினார். இருவரையும் தாங்கியது சிறுவயதில் நாள்தோறும் செய்து பழகிய தொழிலே. ஊரை நாம் பிள்ளைகளுக்குப் பெட்டியில் வைத்து அனுப்ப இயலாது. மொழியையும் தொழிலையும், அவற்றை நாள்தோறும் பேணும் பழக்கத்தையும் அனுப்ப இயலும். அதை அவர்கள் எம்மேடையில் பயன்படுத்துவர் என்பது அவர்கள் பொறுப்பு.